டெக்சஸ் உரிமம்: வளாகமும் உணவகமும்

வணக்கம் நண்பரே. டெக்சஸ் துப்பாக்கி உரிமத்துடன் அரசுப் பல்கலைக்கழக வகுப்புக்கும், பிறகு மது பரிமாறும் உணவகத்துக்கும் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். வகுப்புக்குக் கொண்டுபோகலாம், 2016 ஆகஸ்ட் முதல் சட்டம் அனுமதிக்கிறது. பல்கலைக்கழகம் விலக்கிவைத்த இடங்களிலும், விளையாட்டுப் போட்டி நடக்கும் அரங்கிலும் கூடாது. துப்பாக்கி வெளியே தெரியவும் கூடாது.

உணவகத்தை நினைத்தால்தான் எனக்குக் கவலை. வாசலில் சிவப்பில் '51%' என்றிருந்தால், வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே அருந்தும் மதுவிலிருந்து வருகிறது என்று பொருள். உரிமம் இருந்தாலும் உள்ளே கொண்டுபோவது கடுங்குற்றம். அந்த '51%' பலகை இல்லாவிட்டாலும், உரிமம் உள்ளவர் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுவருவதைத் தடுக்கும் '30.06' அறிவிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், குறைந்தது ஓர் அங்குல எழுத்தில் இருக்கும். பலகையே இல்லாமல் உரிமையாளர் வாய்மொழியாகச் சொன்னாலும் உடனே வெளியேறிவிடுங்கள். மது அருந்தும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டுப் போங்கள்.