சி மொழியில் எழுதிய கிளையன்ட்டின் கனெக்ட் அழைப்பு ஏன் மறுக்கப்படுகிறது?

சர்வர் 8080 ஆம் போர்ட்டில் இயங்குகிறது, பிரவுசரில் பக்கமும் திறக்கிறது, ஆனால் சி மொழியில் நீங்கள் எழுதிய கிளையன்ட் மட்டும் இணைப்பு மறுக்கப்பட்டதாகச் சொல்லி நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். போர்ட் எண்ணை, கனெக்ட் அழைப்புக்குக் கொடுக்கும் முகவரிக் கட்டமைப்பில், பைட் வரிசையை மாற்றாமல் அப்படியே இட்டிருப்பதுதான் காரணம்.

8080 என்ற எண் 31, 144 என்ற இரண்டு பைட்டுகளால் ஆனது (31 பெருக்கல் 256, கூட்டல் 144). நெட்வொர்க் நெறிமுறைகள் உயர்ந்த இடமதிப்புள்ள 31ஐ முதலில் எதிர்பார்க்கின்றன. உங்கள் இன்டெல் செயலியோ நினைவகத்தில் 144ஐ முதலில் வைக்கிறது. ஆகவே இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அதை 144 பெருக்கல் 256, கூட்டல் 31, அதாவது 36895 என்று படித்து, யாருமே காத்திராத அந்தப் போர்ட்டின் கதவைத் தட்டுகிறது. நிரல் கெர்னலுக்கு விடும் அழைப்புகளைக் காட்டும் ஸ்ட்ரேஸ் (strace) கருவியின் கீழ் நிரலை ஓட்டினால் இந்த எண்ணைக் கண்ணாலேயே பார்க்கலாம். பைட்டுகளை நெட்வொர்க் வரிசைக்கு மாற்றும் எச்டிஓஎன்எஸ் (htons) சார்பு வழியாக எண்ணைக் கொடுத்தால் சிக்கல் தீரும்.

ஆனாலும் கட்டமைப்பைக் கையால் நிரப்புவதையே விட்டுவிடுங்கள் என்பேன். கெட்அட்ர்இன்ஃபோ (getaddrinfo) சார்பிடம் சர்வரின் பெயரையும் "8080" என்ற சரத்தையும் கொடுத்தால், பைட் வரிசை சரிசெய்யப்பட்ட முகவரிகளின் பட்டியலையே அது தந்துவிடும். முதல் முகவரியோடு நின்றுவிடாமல், ஒவ்வொன்றுக்கும் புதிய சாக்கெட் (இணைப்பின் முனை) திறந்து கனெக்ட் செய்து பார்த்து, தோற்றால் அதை மூடிவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். உங்கள் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்குப் புதிய வகையான ஐபிவி6 முகவரி முதலில் வந்து, சர்வர் பழைய வகையான ஐபிவி4இல் மட்டும் காத்திருப்பது அடிக்கடி நடப்பதுதான். வேலை முடிந்ததும் பட்டியலை ஃப்ரீஅட்ர்இன்ஃபோ (freeaddrinfo) சார்பு கொண்டு நினைவகத்திலிருந்து விடுவிக்க மறவாதீர்கள்.