மேஸ்திரி ரிட்டயர் ஆறார், அவருக்குத் தெரிஞ்சதை எப்படி வாங்கி வைக்கிறது?

கோயம்புத்தூர்ல சின்னதா ஃபவுண்டரி, அதாவது உலோகத்தை உருக்கி வார்க்கிற பட்டறை, நடத்துற ஒருத்தர் கேட்டிருக்கார். முப்பது வருஷமா மோல்டிங், அதான் மணல்ல அச்சு செய்யுற வேலை, பாத்துக்கிட்ட மேஸ்திரி இன்னும் ஆறு மாசத்துல ரிட்டயர் ஆறாராம், தெரிஞ்சதெல்லாம் எழுதிக் குடுங்கண்ணான்னு நோட்டு வாங்கிக் குடுத்தா நாலு பக்கத்தோட நின்னுபோச்சாம், இப்ப என்ன பண்றதுன்னு.

அவர் மேல தப்பே இல்லைங்க. மணலை ஒரு பிடி அள்ளி உள்ளங்கைல இறுக்கி, ரெண்டா ஒடிச்சு, ஒடிஞ்ச எடம் சுத்தமா இருக்கா இல்ல உதிருதான்னு பாத்துட்டு "இன்னும் கொஞ்சம் தண்ணி விடு"ங்கிறாரே, அதைப் போய் எப்படி எழுதுவார்?

1985ல ஜப்பான்ல மட்சுஷிதா கம்பெனிக்காரங்க, இப்ப பானசோனிக், வீட்டுல பிரெட் சுடுற மெஷின் பண்ணப்போ இதே மாதிரிதான் மாட்டிக்கிட்டாங்க. மேல கருகுது, உள்ள வேகலை, மாவை எக்ஸ்ரே எடுத்தும் புடிபடலை. கடைசில இகுகோ தனாகான்னு சாஃப்ட்வேர் பாக்குற அம்மா, ஒசாகால பிரெட்டுக்குப் பேர்போன ஹோட்டலோட தலைமை பேக்கர்கிட்டயே போய் வேலை கத்துக்கிட்டாங்க. அவர் மாவை ஒரு தினுசா இழுக்கிறதை அங்கதான் கவனிச்சாங்க, அப்புறம் இன்ஜினியர்களோட சேர்ந்து ஒரு வருஷம் முட்டிமோதி, மெஷினுக்குள்ள வரிவரியா மேடு வச்சு அந்த இழுப்பைக் கொண்டுவந்துட்டாங்க.

நீங்களும் நோட்டை ஓரமா வச்சுட்டு ரெண்டு பசங்களை அவர்கூட விடுங்க. அவரோட டார்கெட்டைக் குறைங்க, இல்லாட்டி சொல்லிக்குடுக்க நேரமே கிடைக்காது. பசங்க மணல் கலக்கட்டும், அவர் திருத்தட்டும், திருத்துறப்போ போன்ல வீடியோ எடுங்க.

அவர் "சரி"ன்னு சொன்ன ஒவ்வொரு மணலையும் ஈரம் அளக்குற மாய்ஸ்ச்சர் மீட்டர்ல போட்டுக் குறிச்சு வைங்க. சில நாள் மீட்டர் சரியா காட்டும், ஆனா அவர் வேண்டாம்பார். எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இதுதான், ஏன்னு அப்பவே கேட்டுடுங்க. மோல்டு ஒடைச்ச மணல் சூடு ஆறாம திரும்ப வந்திருக்கும், அச்சு எடுக்க வைக்கிற மாதிரி உருவம் இருக்கே, அந்த பேட்டர்ன்ல ஒட்டும்னு சொல்லுவார், அப்ப மணலை ஆற வைக்க என்ன வழின்னு நீங்க யோசிக்க ஆரம்பிப்பீங்க, புது ஐடியா இப்படித்தாங்க கிளம்பும்.

சாயங்காலம் உள்ள காத்து மாட்டி ஓட்டை, அதான் ப்ளோ ஹோல், விழுந்த காஸ்டிங்கை, அதாவது வார்த்து எடுத்த பாகத்தைக் கைல குடுத்து "இது ஏண்ணா இப்படி ஆச்சு"ன்னு கேளுங்க. பழைய கதையெல்லாம் தானா வரும், வாய்ஸ் ரெக்கார்டு போட்டுக்கங்க, அவர்கிட்ட சொல்லிட்டு.

இன்னொண்ணு, சொல்லிக்குடுத்துட்டா நம்மளை யாரு மதிப்பாங்கங்கிற பயம் அவருக்கு இருக்கலாம். ரிட்டயர் ஆன பிறகும் வாரத்துல ரெண்டு நாள் வாங்கண்ணா, இவ்வளவு சம்பளம்னு இப்பவே பேசி எழுதிக் குடுத்துடுங்க. மொதல்ல இதை முடிங்க, மீட்டர் வீடியோ எல்லாம் அடுத்த வாரம் ஆரம்பிச்சுக்கலாம்.