வெப் டிசைன் படிக்க ஆசைப்படும் மகள்: கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் மூன்று மாதம்

கேள்வி: மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வெப் டிசைன் கற்க வேண்டும் என்கிறாள். ‘ஃபுல் ஸ்டாக்’ கோர்ஸில் சேர்த்தால் வேலை நிச்சயம் என்கிறது ஒரு பயிற்சி மையம். கணக்கில் அவள் சுமார்தான். பணம் கட்டலாமா?

பதில்: இப்போது கட்ட வேண்டாம். மூன்று மாதம் பொறுங்கள். அதற்குள் உங்கள் மகள் ஒரு சின்ன இணையதளத்தை வெற்றுக் கோப்பிலிருந்து தன் கையாலேயே எழுதி முடிக்கட்டும். முடித்துவிட்டால், அடுத்து எது தேவை என்பது அவருக்கே தெரிந்துவிடும். பாதியில் சலித்துப்போனால் உங்கள் பணம் தப்பியது. கணக்கைப் பற்றிக் கவலை வேண்டாம்; இந்தக் கட்டத்துக்குக் கூட்டலும் சதவீதமும் போதும்.

ஃபுல் ஸ்டாக் என்றால் எச்டிஎம்எல் (பக்கத்தின் உள்ளடக்கத்தை அமைப்பது), சிஎஸ்எஸ் (அதன் தோற்றத்தைத் தீர்மானிப்பது), ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தை இயங்க வைக்கும் நிரல்மொழி), அதன்மேல் ரியாக்ட் (ஜாவாஸ்கிரிப்ட் கருவித் தொகுப்பு), சர்வர் (தளத்தை இணையத்தில் வழங்கும் கணினி), டேட்டாபேஸ் (தகவல் சேமிப்பு) எல்லாம் சேர்ந்தது. அவசரமாக நடத்தும் இடங்களில் முதல் இரண்டையும் சில நாளில் கடந்துவிடுவார்கள். பிள்ளைகள் பின்னால் திணறுவது அந்த இரண்டில்தான்.

தொடங்க 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் போதும். நிரல் எழுத விஎஸ் கோட், அதைத் திறந்து பார்க்க குரோம் பிரவுசர், இரண்டும் இலவசம். பாடத்துக்கு எம்டிஎன் தளமும் ஃப்ரீகோட்கேம்ப்பும் இருக்கின்றன, அவையும் இலவசம்தான். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். அதில் வீடியோ பார்ப்பது கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மீதி நேரம் தட்டச்சு.

முதல் மூன்று வாரம் எச்டிஎம்எல்: தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு, படம், படிவம். எழுத்து பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் தலைப்பு டேக்கை (எச்டிஎம்எல் குறியை) போடும் பழக்கம் இங்கேயே தொற்றிக்கொள்ளும், அதை முளையிலேயே கிள்ள வேண்டும். அளவைத் தீர்மானிப்பது சிஎஸ்எஸ்ஸின் வேலை. எச்டிஎம்எல் சொல்வது எது தலைப்பு, எது பத்தி என்பதை. பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் அதை நம்பித்தான் இயங்குகிறது.

அடுத்த ஐந்து வாரம் சிஎஸ்எஸ். அழுகை வருவது இங்கேதான். 300 பிக்சல் (திரைப் புள்ளி) அகலம் என்று எழுதிய பெட்டிக்கு இருபுறமும் 20 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி), 1 பிக்சல் பார்டர் (ஓரக்கோடு) கொடுத்தால் திரையில் அது 342 பிக்சல் ஆகிவிடும். அப்படி மூன்று பெட்டிகளை 900 பிக்சல் இடத்தில் ஃபிளெக்ஸ்பாக்ஸ் என்ற சிஎஸ்எஸ் அடுக்கு முறையில் ‘ராப்’ (இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்கு மாற்று) போட்டு அடுக்கினால் மூன்றாவது அடுத்த வரிக்குப் போய்விடும். ‘பாக்ஸ் சைஸிங்: பார்டர் பாக்ஸ்’ என்ற ஒரே வரி, பேடிங்கையும் பார்டரையும் அந்த 300-க்குள்ளேயே அடக்கி இதைத் தீர்க்கும். ஆனால் காரணம் புரியாமல் அந்த வரியை ஒட்டிக்கொண்டால் அடுத்த சிக்கலில் மறுபடி நிற்பார். குரோமில் எஃப்12 அழுத்தி, பெட்டியின் அளவுகளைப் பார்க்கும் பழக்கம் முதல் நாளே வரட்டும்.

லேப்டாப்பில் அழகாக இருக்கும் பக்கம் ஃபோனில் பொடி எழுத்தாகத் தெரிந்தால், எச்டிஎம்எல் கோப்பின் தலைப்பகுதியில், பக்கத்தைத் திரையின் அகலத்துக்கு ஏற்ப வரையச் சொல்லும் ‘வியூபோர்ட்’ வரி விடுபட்டிருக்கும். அது இல்லாவிட்டால் ஃபோன் பிரவுசர்கள் பொதுவாகத் திரையை 980 பிக்சல் அகலம் என்று எண்ணிப் பக்கத்தை வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும்.

தமிழில் தளம் செய்யச் சொல்லுங்கள், கற்பது இரட்டிப்பாகும். கோப்பின் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடாவிட்டால் எழுத்து குப்பையாக வரலாம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த நோட்டீஸை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும்; இணையத்தில் வழங்கும் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். வரி இடைவெளி எழுத்தளவைப் போல் 1.7 மடங்கு இருந்தால், ஒரு வரியில் கீழே நீளும் குறிகளும் அடுத்த வரியில் மேலே நீளும் குறிகளும் முட்டாது. நீளமான சொற்கள் 360 பிக்சல் திரையில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் ‘ஓவர்ஃப்ளோ ராப்’ என்ற சிஎஸ்எஸ் வரி அதைச் சரிசெய்யும்.

கடைசி நான்கு வாரம், உங்கள் தெருவில் உள்ள தையல் கடைக்கோ டியூஷன் சென்டருக்கோ மூன்று பக்கத் தளம் ஒன்றைச் செய்து தளங்களை இணையத்தில் வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றட்டும். ஏற்றியதும் படங்கள் மறைந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸ், கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாது, சர்வர் பொருட்படுத்தும். பெயர்கள் எல்லாவற்றையும் இடைவெளி இல்லாமல் சின்ன எழுத்தில் வைத்தால் இந்தத் தொல்லை வராது. ஃபோனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே போடாமல், 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற சிறிய கோப்பு வடிவில் சேமிக்கட்டும்.

ஏஐ கருவியிடம் பிழைக்கு விளக்கம் கேட்கலாம். இந்த மூன்று மாதம் அதை எழுதித்தரச் சொல்லக் கூடாது.

நீங்கள் சோதிக்க நினைத்தால், தளத்தை உங்கள் ஃபோனில் திறந்து, “இந்தப் பொத்தானை நடுவில் வை, நிறத்தை மாற்று” என்று சொல்லிவிட்டு அருகில் உட்காருங்கள். பத்து நிமிடத்தில் செய்துவிட்டால் அடித்தளம் சரி.

இவ்வளவு தெரிந்தாலே வேலை கிடைத்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுத்து ஜாவாஸ்கிரிப்டுக்குக் குறைந்தது நான்கைந்து மாதம் வேண்டும். பி.காம். படிப்பை விட்டுவிடவே கூடாது. பில், ஜிஎஸ்டி, சரக்குக் கணக்கு தெரிந்த டிசைனரால் ஆன்லைன் கடை வைப்பவரிடம் அவர் மொழியிலேயே பேச முடியும்.

அதன் பிறகும் பயிற்சி மையம் தேவைப்பட்டால், பழைய மாணவர்கள் செய்த தளங்களின் முகவரிகளைக் கேட்டு வாங்கி, மகளையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ‘வேலை நிச்சயம்’ என்பதையும், கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அங்கே சேர்க்காதீர்கள்.