தம்பி, அது மாதம் 30 டொலர் இல்லை

கொடிகாமத்தில் இருந்து கனடாவுக்கு வந்து மூன்று மாதம், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பேஸ்மென்ற் அறை, ஏஜென்சி மூலம் வெயர்ஹவுஸில் இரவு வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். மோலில் ஒரு தமிழ்ப் பெடியன் மறித்து, "முன்பணம் இல்லை, வட்டி இல்லை, மாதம் 30 டொலர்தான், புது ஐபோன்" என்றானாம். பெயர், விலாசம், சின் நம்பர் (அரசாங்கம் தந்த சமூகக் காப்புறுதி இலக்கம்) எல்லாம் கொடுத்துவிட்டு வந்தீர்களாம். கையில் 1,200 டொலர் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அதை ஒரேயடியாகக் கொடுத்துப் போன் வாங்குவதா, மாதக் காசில் எடுப்பதா என்பது கேள்வி. கூடவே ஐபோனா சாம்சங்கா, பேஸ்மென்றுக்குள் எந்தக் கம்பனியின் சிக்னல் வரும், இப்படி எடுத்தால் கிரெடிட் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறவர் என்கிற பதிவு) ஏறுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஐபோனா சாம்சங்கா என்று என்னிடம் கேட்காதீர்கள். என் போனின் கண்ணாடி வெடித்து இரண்டு வருடம் ஆகிறது, அதில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சிக்னலுக்கு மேல்வீட்டுக்காரரிடம் வைஃபை பாஸ்வேர்ட் கேளுங்கள். வாடகைக்குள் அடக்கம் என்று சொல்லித்தானே அறையைத் தந்திருப்பார்.

மற்றதற்கு வருகிறேன். வட்டி இல்லை என்று அந்தப் பெடியன் சொன்னது பொய் இல்லை. இங்கே பெரிய கம்பனிகள் போனைத் தவணையில் தரும்போது வட்டி போடுவதில்லை. ஆனால் அந்தத் தவணை தனியாக வராது, ஒரு பிளானோடு சேர்ந்துதான் வரும். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: போனின் விலை 1,200 டொலர். மாதம் 30 என்றால் 24 மாதத்துக்கு 720. மிச்சம் 480 எங்கே போனது? அதைக் கடைசியில் கட்ட வேண்டும், அல்லது இரண்டு வருடம் முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவும் உடையாமல், கீறாமல். வெயர்ஹவுஸில் கொங்கிறீற் தரையில் நின்று வேலை செய்கிற பிள்ளைக்கு அது நடக்கிற காரியமா?

இனி பிளான். அந்தப் போனைத் தவணையில் எடுக்க ஒரு பெரிய பிளான் எடுத்தாக வேண்டும், 75 டொலர் என்று வைப்போம். உங்கள் கையில் இருக்கிற போனுக்கு வெறும் சிம் போட்டால் 40 டொலருக்குள் காரியம் முடியும். மாதம் 35 வித்தியாசம், 24 மாதத்துக்கு 840. ஆக 720ம் 840ம் 1,560. இவ்வளவும் கட்டி முடித்த பிறகும் போன் உங்களுடையது இல்லை. உங்களுக்கே வேண்டுமென்றால் இன்னும் 480. மொத்தம் 2,040. விலை 1,200. ஒரு கடதாசியில் எழுதிப் பாருங்கள். மோலில் நின்றுகொண்டு இதை எழுத விடமாட்டார்கள், பின்னால் பாட்டுப் போட்டிருப்பார்கள்.

முன்பணம் இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. ஒன்ராறியோவில் 13 வீத வரி, அதைப் பெரும்பாலும் போனின் முழு விலைக்கும் முதல் நாளே வாங்கிவிடுவார்கள். 1,200க்கு 156 டொலர். இணைப்புக் கட்டணம் என்று இன்னொன்றும் முதல் பில்லில் வந்து குந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்குப் பெரிய பயம் வேறு. இடையில் லைனை விட்டால் போனின் மிச்சக் காசு முழுவதையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டும். போன் தொலைந்தாலும் கட்ட வேண்டும். நிரந்தர வேலை உள்ளவனுக்கு அது பெரிய விஷயம் இல்லை. ஏஜென்சிக்காரன் ஞாயிறு இரவு "நாளைக்கு வரத் தேவையில்லை" என்று ஒரு மெசேஜ் போட்டால் உங்களுடைய அந்தக் கிழமை முடிந்தது. அந்தக் கிழமையும் பில் வரும்.

ஆனாலும் உங்கள் காலத்தில் சட்டம் கொஞ்சம் காப்பாற்றுகிறது. நாங்கள் வந்த காலத்தில் மூன்று வருடக் கொன்ராக்ட்தான் வழக்கம். 2013 டிசம்பர் 2இல் சி.ஆர்.ரி.சி என்கிற ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையத்தின் கைபேசி விதிக்கோவை நடைமுறைக்கு வந்த பிறகுதான் இரண்டு வருடத்துக்கு மேல் யாரையும் தண்டம் போட்டுக் கட்டி வைக்க முடியாது என்று ஆனது. 2017 டிசம்பரில் இருந்து வேறு கம்பனியின் சிம் வேலை செய்யாதபடி போனைப் பூட்டி விற்கக் கூடாது, முன்பு பூட்டியதையும் இலவசமாகத் திறந்து கொடுக்க வேண்டும். அதற்கு முன் போனைத் திறக்க ஸ்காபரோ பிளாஸாக்களில் தனிக் கடைகள் இருந்தன, ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு கொம்பியூட்டர், 20 டொலர். 2019இல் 36 மாதத் தவணை என்று வேறு பெயரில் பழைய கதையைக் கொண்டுவரப் பார்த்தார்கள். 2021இல் அதுவும் அந்த விதிக்கோவைக்குள்தான் அடங்கும் என்று ஆணையம் முடிவு சொன்னது.

நான் வந்தது 2000 பெப்ரவரி. மூன்று பெண்கள் ஒரு அப்பார்ட்மென்றில் இருந்தோம், மூவருக்கும் சேர்த்து நல்ல ஜக்கெற் இரண்டு. பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை. விடிய ஐந்தரைக்கு லோறன்ஸ் வீதியில் 54ஆம் இலக்கப் பஸ்ஸுக்கு நின்றால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அம்மா அப்போது வவுனியாவில். வீட்டில் போன் இல்லை. காசுக்குப் போன் கதைக்கிற கொமியூனிகேஷன் கடைக்கு எடுத்தால், "பிள்ளை, அரை மணித்தியாலம் கழிச்சு எடுங்கோ" என்பார்கள், ஒரு பொடியன் சைக்கிளில் போய் அம்மாவைக் கூட்டி வருவான். ஐந்து டொலர் ரெலிபோன் கார்ட்டில் 20 நிமிடம் என்று போட்டிருக்கும், அம்மா அழுது முடிக்கவே எட்டு நிமிடத்தில் கார்ட் முடிந்துவிடும். அந்தப் பன்னிரண்டு நிமிடங்களை யார் சாப்பிட்டார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கைபேசி அப்போது பெரிய ஆக்களின் சாமான். வருகிற அழைப்புக்கும் நிமிடக் காசு. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு இலவசம், அதனால் தமிழர் வீடுகளில் ஒன்பது மணிக்குத்தான் போன் அலறத் தொடங்கும். பில்லில் மாதம் ஆறு டொலர் 95 சதம் என்று ஒரு வரி வரும். அரசாங்கம் எடுக்கிற வரி என்று நினைத்து வருடக்கணக்காகக் கட்டினோம். கம்பனிகள் தங்களுக்கே எடுத்த காசு அது என்று பிறகுதான் தெரிந்தது.

சரி, இப்போது நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். உங்களுக்கு லைன் கிடைத்தது என்று தெரிந்ததும் யாராவது ஒருவர் வருவார். "தம்பி, என்ரை கிரெடிட் கொஞ்சம் பிழை, உம்மடை பெயரிலை ஒரு போன் எடுத்துத் தாரும், மாதாமாதம் காசு கையிலை தாறன்." தேத்தண்ணி வாங்கித் தருவார். உங்கள் ஊர் என்பார்.

என்னிடம் 2001இல் வந்தவர் அறைத் தோழியின் அண்ணன் முறை. எனக்கும் அண்ணன் மாதிரி என்றுதான் நினைத்தேன். ஒன்று இல்லை, இரண்டு போன், மூன்று வருடக் கொன்ராக்ட். ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம், நான் பார்த்தது கையொப்பம் வைக்கிற கோட்டை மட்டும். நாலு மாதம் காசு ஒழுங்காக வந்தது. ஐந்தாம் மாதம் அவர் ட்ரக் ஓட வேறு மாகாணம் போய்விட்டார். ஆறாம் மாதம் ஐரோப்பா முழுவதும் கதைத்த பில் வந்தது. நிறுத்தச் சொன்னால் மிச்ச மாதங்களுக்கும் சேர்த்துத் தண்டம் என்றார்கள். எல்லாமாக ஆயிரத்துச் சொச்சம், அப்போது என் ஒரு மாதச் சம்பளம். பயத்தில் நான் வீடு மாறினேன், கடிதங்கள் பழைய விலாசத்துக்குப் போயின. கடன் அறவிடுகிறவர்கள் தொழிற்சாலைக்கே போன் எடுத்தார்கள். சுப்பர்வைசர் எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டுக் கேட்டார்.

2005இல் நானும் கணவரும் வீட்டுக் கடனுக்குப் போனபோது வங்கியில் இருந்த பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பி அந்தப் போன் கடனைக் காட்டினார். கல்யாணம் ஆகி இரண்டு வருடம், கணவருக்கு நான் இந்தக் கதையைச் சொல்லியிருக்கவில்லை. அந்த அறையில் இருந்து பார்க்கிங் வரைக்கும் இரண்டு பேரும் கதைக்கவில்லை. வீட்டுக் கடன் அவர் பெயரில் மட்டும் எடுத்தோம், நான் நினைத்த வீடு இல்லை, சின்ன வீடு.

அந்த அண்ணரை 2012இல் மார்க்கம் நகரத்தில் ஒரு சாமத்திய வீட்டில் கண்டேன். கையில் இரண்டு போன். "தங்கச்சி, சுகமா?" என்றார். இப்போது கோயில் திருவிழாவில் ஒரு நாள் அன்னதானம் அவருடைய உபயம்.

அதனால் கிரெடிட் ஏறுமா என்று கேட்டால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். போன் காசை ஒழுங்காகக் கட்டினால் அது சில வேளை பதிவாகும். கட்டாமல் விட்டால் கடன் பதிவு வைக்கிற கம்பனிகளான ஈக்விஃபாக்ஸிலும் ட்ரான்ஸ்யூனியனிலும் ஆறு வருடம் குந்தியிருக்கும். கிரெடிட் வேண்டுமென்றால் வங்கியில் 500 டொலர் வைப்பு வைத்து அதற்கு எதிராக ஒரு கார்ட் எடுங்கள், பஸ் காசையும் பால் பாண் காசையும் அதில் போட்டு மாதாமாதம் முழுதாகக் கட்டுங்கள். மோலில் ஒவ்வொரு கடையிலும் "சும்மா பார்ப்போம்" என்று கிரெடிட்டைத் தட்டிப் பார்க்க விடாதீர்கள், ஒவ்வொரு தட்டலும் பதிவாகும்.

போன் விஷயத்தில், ஊரில் இருந்து கொண்டு வந்ததில் இங்கத்தைய சிம்மைப் போட்டுப் பாருங்கள். பப்ளிக், லக்கி, சாற்றர் எல்லாம் ரெலஸ், பெல், ரொஜர்ஸின் சின்னப் பெயர்கள்தான், அதே கோபுரம், குறைந்த விலை. ஃப்ரீடம் என்கிற இன்னொரு கம்பனியும் இருக்கிறது. வேறு போன்தான் வேண்டுமென்றால் இரண்டு வருடம் பழைய மொடலைக் காசு கொடுத்து வாங்குங்கள், 1,200 முழுவதையும் கொட்டாதீர்கள். தெரியாத ஆளிடம் வாங்கினால் *#06# அடித்து வருகிற ஐ.எம்.ஈ.ஐ என்கிற போனின் அடையாள நம்பரைத் திருட்டுப் பட்டியலில் சரிபார்த்த பிறகு காசைக் கொடுங்கள். பட்டியலில் இருந்தால் எந்தக் கம்பனியிலும் வேலை செய்யாது, விற்றவரும் போனை எடுக்கமாட்டார்.

நான் முதன்முதல் முழுக்காசு கொடுத்து வாங்கிய போன் சீட்டுக் காசில் வாங்கியது. பத்துப் பேர், மாதம் 100 டொலர், தாச்சி, அதாவது சீட்டை நடத்தினவர், எங்கள் மாடியில் இருந்த மாமி. ஏலத்தில் கழிவு கூடப் போகாத மாதம் பார்த்து எடுத்தேன். அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் போனுக்காக எந்தக் கம்பனிக்கும் எதுவும் கட்டத் தேவையில்லை என்று நினைத்தபோது வந்த நித்திரை வேறு நித்திரை. இப்போது வருகிற பிள்ளைகள் சீட்டு என்றால் சிரிக்கிறார்கள். விமானத்தால் இறங்கி ஆறாம் மாதம் கையில் போனும் காதில் வெள்ளைக் குமிழும் வாசலில் காரும், எல்லாம் மாதக்காசு. எங்களுக்கு முன் எண்பதுகளில் வந்தவர்கள், "நாங்கள் பட்ட பாட்டுக்கு நீங்கள் என்ன பட்டீர்கள்" என்று எங்களைக் கேட்பார்கள். அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது என் வாயில் அதே வசனம் வருகிறது, மகன் சொல்லிக் காட்டுகிறான்.

ஒன்று எனக்கு இடிக்கிறது தம்பி. எல்லா விபரமும் கொடுத்துவிட்டு வந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் அந்தப் பெடியன் ரப்லெற்றை நீட்டி விரலால் கையெழுத்துப் போடச் சொன்னானா? ஈமெயிலைத் திறந்து பாருங்கள், கொன்ராக்ட் வந்திருக்கிறதா, என்ன திகதி என்று. போட்டிருந்தாலும் 15 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள், பிளானின் மாத அளவில் பாதிக்கு மேல் பாவிக்காமல், போனைப் புதுசு மாதிரிப் பெட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தால் தண்டம் இல்லாமல் விடலாம். மறுத்தால் சி.சி.ரி.எஸ் என்கிற முறைப்பாட்டு நிலையம் இருக்கிறது, காசு கேட்கமாட்டார்கள். பெட்டியை எறிந்துவிடாதீர்கள், சார்ஜர் வயரைச் சுற்றியிருந்த கடதாசியைக்கூட வையுங்கள்.

இன்றைக்கு எத்தனையாம் நாள் என்று எண்ணிச் சொல்லுங்கள். வியாழக்கிழமை எனக்கு வேலை இல்லை, தனியாகப் போகக் கூச்சம் என்றால் நானும் வருகிறேன். அந்தப் பெடியனின் தாயை எனக்குத் தெரிந்தாலும் தெரியும்.