நூற்றுக்கு நாற்பது என்றால் என்ன பொருள்?
உடல் பருமனும் புற்றுநோயும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: அமெரிக்காவில் கண்டறியப்படும் புற்றுநோய்களில் 40 சதவீதம் உடல் பருமனோடு தொடர்புடையவை என்று படித்தேன். என் எடை 92 கிலோ. என்னைப் போன்றவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்குப் புற்றுநோய் வரும் என்றுதானே இதற்குப் பொருள்? படித்த நாளிலிருந்து சரியான உறக்கமில்லை.

பதில்: அதற்கு அந்தப் பொருள் இல்லை. முதலில் உறங்குங்கள், பிறகு கணக்கைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மிகையான உடல் கொழுப்போடு உறுதியான தொடர்புடையவை என்று 13 வகைப் புற்றுநோய்களை 2016-இல் பட்டியலிட்டது. மாதவிடாய் நின்ற பின் வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பை, சினைப்பை, பெருங்குடல்-மலக்குடல், கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம், தைராய்டு, இரைப்பையின் மேல்முனை, உணவுக்குழாயில் வரும் அடினோகார்சினோமா, மூளையுறையில் வரும் மெனிஞ்சியோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா ஆகியவை அவை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2014-ஆம் ஆண்டின் பதிவேடுகளை எடுத்து, இந்த 13 வகைகளில் ஏதேனும் ஒன்று கண்டறியப்பட்டோர் 6,30,000-க்கும் மேல் என்றும், அது அந்த ஆண்டின் மொத்தப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 40 சதவீதம் என்றும் 2017-இல் அறிவித்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பதிவேட்டில் எடை என்ற கட்டமே கணக்கில் வரவில்லை என்பதுதான். வாழ்நாள் முழுதும் மெலிந்தே இருந்த ஒருவருக்குக் கணையப் புற்றுநோய் வந்தாலும், அவரும் அந்த 40-க்குள்தான் எண்ணப்படுகிறார்.

பருமனால் விளைந்தவை எத்தனை என்பது வேறு கேள்வி. அதற்கான விடையும் சிறியது. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியான பெரிய ஆய்வொன்று, புற்றுநோய் இறப்புகளில் ஆண்களிடம் 14 சதவீதம் வரையிலும் பெண்களிடம் 20 சதவீதம் வரையிலும் மிகை எடையின் பங்காக இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. உறுப்புக்கு உறுப்பு அபாயமும் மாறுகிறது. உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறைக் குறியெண், அதாவது பி.எம்.ஐ., 40-ஐத் தாண்டிய பெண்ணுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சராசரி எடையுள்ளவரைவிட ஏறத்தாழ 7 மடங்கு. பெருங்குடல் புற்றுநோய்க்கோ பருமனால் கூடும் வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம்தான். இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துத் தலைப்பிட்டால் உங்களைப் போன்றவர்களின் உறக்கம் கெடுவதில் வியப்பில்லை. உங்கள் உயரத்தை எழுதவில்லை. அது தெரியாமல் 92 கிலோ என்பதை வைத்து எதுவும் சொல்ல இயலாது.

கேள்வி: அதே அறிக்கையில் பெண்களிடம் 55 சதவீதம், ஆண்களிடம் 24 சதவீதம் என்று இருக்கிறதே, கொழுப்பு பெண்களை மட்டும் குறிவைக்கிறதா?

பதில்: பாதி உடலியல், பாதி வெறும் கூட்டல் கணக்கு. மார்பகமும் கருப்பையும் சினைப்பையும் பட்டியலில் இருக்கின்றன. ஆண்களுக்கு மிகுதியாக வரும் புராஸ்டேட், நுரையீரல் புற்றுநோய்கள் அதில் இல்லை. எனவே பெண்களின் பங்கு கூடுவது பட்டியலின் அமைப்பிலேயே இருக்கிறது.

உடலியல் காரணமும் உண்டு. மாதவிடாய் நின்றபின் சினைப்பைகள் ஓய்வெடுக்க, கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி, உடலில் சுரக்கும் ஆண்ட்ரோஜன் எனும் ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜன் எனும் பெண் ஹார்மோனாக மாற்றும் வேலையைத் தொடர்கிறது. கொழுப்பு கூடக் கூட ஈஸ்ட்ரோஜனும் கூடுகிறது. அதை மட்டுப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் எனும் மற்றொரு ஹார்மோன் அந்த வயதில் சுரப்பதில்லை என்பதால், கருப்பையின் உட்சுவர் வளர்ந்துகொண்டே போகிறது. மாதவிடாய் நிற்பதற்கு முன் வரும் மார்பகப் புற்றுநோயில் கதை தலைகீழ்; அங்கே பருமனான பெண்களுக்கு வாய்ப்பு சற்றுக் குறைவாகவே பதிவாகியுள்ளது. மாதவிடாய் முற்றிலும் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டுக் கறை பட்டாலும் அதை ‘சூடு’ என்று ஒதுக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். கருப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இந்த ஒரு கறையாகவே முதலில் வெளிப்படுகிறது.

ஆண்கள் தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இரைப்பையை அழுத்தி அமிலத்தை மேலே தள்ள, ஆண்டுக்கணக்கில் அது பட்டுப்பட்டு உணவுக்குழாயின் உட்படலம் மாறி வரும் அடினோகார்சினோமா, ஆண்களிடம் பல மடங்கு அதிகம்.

கேள்வி: 34 வயதான என் தம்பிக்கு மலக்குடல் புற்றுநோய். இரத்தம் போனதை மூலம் என்று எண்ணி எட்டு மாதம் களிம்பு தடவிக்கொண்டிருந்தான். அவன் பருமனானவனும் அல்ல. இந்த நோய் குறைந்து வருகிறது என்கிறார்கள், பின் எப்படி?

பதில்: உங்கள் தம்பியின் நிலை வருத்தமளிக்கிறது. நீங்கள் கேள்விப்பட்டதும் பொய்யன்று. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்தவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் பல பத்தாண்டுகளாகக் குறைந்துவந்துள்ளது. பெருங்குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் பாலிப் எனும் சிறு முளைகளைப் புற்றாக மாறுமுன்பே அகற்றிவிடுவது அதற்கு முக்கியக் காரணம். அதே காலத்தில் 50 வயதுக்குட்பட்டோரிடம் அது ஏறியது. நோயாளிகளில் முதியவர்களே எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் ஆதலால், மொத்தக் கோடு இறங்குவதாகவே தெரிந்தது. பிறந்த ஆண்டைக் கொண்டு பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தென்பட்டது: 1990-ஐ ஒட்டிப் பிறந்த அமெரிக்கர்களுக்கு, 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் அதே வயதில் இருந்தபோது எதிர்கொண்டதைவிடப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 2 மடங்கு, மலக்குடல் புற்றுநோய் அபாயம் 4 மடங்கு. பருமனோடு தொடர்புடைய 12 புற்றுநோய்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வில், இளம் வயதினரிடம் 6 வகைகள் கூடியிருந்தன. தலைமுறை இளமையாக ஆக ஏற்றமும் செங்குத்தாகிறது.

சிறுவயதிலேயே தொடங்கும் பருமன் இதில் ஒரு சந்தேக நபர்; ஒரே குற்றவாளி அல்லன். உங்கள் தம்பியைப் போல் மெலிந்த இளைஞர்களும் வருகிறார்கள். இளம் வயதில் இந்நோய் இன்றும் அரிது என்பதும் உண்மை. ஆனால் அரிது என்ற எண்ணமே அந்த எட்டு மாதங்களைத் தின்றது. அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயதை 2021-இல் 50-இலிருந்து 45-ஆகக் குறைத்தனர். உங்களுக்கு அதுவும் பொருந்தாது. உடன்பிறந்தவருக்கு நோய் இருந்தால் 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டறிந்த வயதிலிருந்து 10 ஆண்டு முன்னதாக, எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டும். உங்கள் கணக்கில் அது 24 வயது. அதைக் கடந்திருந்தால் இந்த மாதமே செய்துகொள்ளுங்கள். குடும்பத்தில் மரபணுப் பரிசோதனை தேவையா என்றும் தம்பியின் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பருமன் சார்ந்த புற்றுநோய் இனத்துக்கு இனம் வேறுபடுவது ஏன்?

பதில்: வேறுபாடு உண்டு; காரணம் ஒன்றல்ல. அமெரிக்கத் தரவுகளில் மல்டிபிள் மைலோமா கறுப்பினத்தவரிடம் வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்கு. உணவுக்குழாய் அடினோகார்சினோமாவோ வெள்ளையின ஆண்களிடமே மிகுதி. கருப்பைப் புற்றுநோயால் இறக்கும் விகிதம் கறுப்பினப் பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதற்கு, கொடிய வகைக் கட்டிகள் அவர்களுக்கு அதிகம் வருவதும், தாமதமாகக் கண்டறியப்படுவதும், சிகிச்சை எட்டாமையும் காரணங்கள். இன்னொரு நுட்பமும் உண்டு. நார்க்கட்டிக்காகக் கருப்பையை அகற்றிக்கொண்ட பெண்களையும் சேர்த்து வகுத்தால் விகிதம் பொய்யாகக் குறைந்து தெரியும். அந்த அறுவைச் சிகிச்சை கறுப்பினப் பெண்களிடம் மிகுதி என்பதால் அவர்களுடைய உண்மையான அபாயம் நெடுங்காலம் மறைந்திருந்தது.

ஆசிய இனத்தவர்க்கு ஒரே பி.எம்.ஐ.-இல் உடல் கொழுப்பு அதிகம். அதனால் உலக சுகாதார நிறுவன வல்லுநர்கள் 2004-இல், மிகை எடைக்கு 25, பருமனுக்கு 30 என்ற வழக்கமான வரம்புகளோடு 23, 27.5 ஆகியவற்றையும் எச்சரிக்கைப் புள்ளிகளாகச் சேர்த்தனர். நீரிழிவையும் இதய நோயையும் முதன்மையாக மனத்தில் கொண்டு வைத்த புள்ளிகள் இவை. புற்றுநோயின் எல்லைக்கோடாக இவற்றைப் படிக்கலாகாது.

கேள்வி: எடை குறைந்தால் அபாயமும் குறையுமா? மூன்று மாதங்களில், எதுவும் செய்யாமலே எனக்கு 7 கிலோ குறைந்திருக்கிறது. மகிழ்ச்சியோடு எழுதுகிறேன்.

பதில்: முயன்று குறைத்த எடைக்குச் சான்று உண்டு. எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 5,000-க்கும் மேற்பட்டோரை, செய்யாத 25,000 பேரோடு ஒப்பிட்ட 2022-ஆம் ஆண்டு ஆய்வில், பருமன் சார்ந்த புற்றுநோய் 10 ஆண்டுகளில் முன்னவரில் 2.9 சதவீதத்தினருக்கும் பின்னவரில் 4.9 சதவீதத்தினருக்கும் வந்திருந்தது. உங்களுடையது அந்த வகையன்று. உணவும் உழைப்பும் மாறாமல் எடை இறங்கினால், சர்க்கரை நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, காசநோய், புற்றுநோய் என ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து விலக்க வேண்டும். இந்த வாரமே பொதுநல மருத்துவரைச் சந்தியுங்கள். எந்த மாதம் எத்தனை கிலோ இருந்தீர்கள், பசி எப்படி, மலம் கழிக்கும் பழக்கம் மாறியதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.