கேஸ் கூடக் கூட பஸ்ஸர் ஏன் ஊமையாகுது?

கேள்வி: வணக்கம் சார், ஈசிஇ மூணாவது வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு சமையல்கட்டுல மாட்டற கேஸ் லீக் அலாரம் செஞ்சிருக்கேன். கேஸை மோப்பம் பிடிக்கற எம்கியூ-6 சென்சார், ப்ரோக்ராமை ஓட்டற ஆர்டுயினோ யூனோங்கற குட்டி போர்டு, கத்தறதுக்கு ஒரு பஸ்ஸர், அவ்ளோதான். 50 ரீடிங் எடுத்துக் கூட்டி, 50ஆல வகுத்து, சராசரி 400ஐ தாண்டினா கத்தணும். லைட்டரை பத்த வைக்காம கிட்ட வச்சு அமுக்கினேன், 480 வரைக்கும் போச்சு, நல்லா கத்துச்சு. ஆனா எங்க சார் "நெஜ லீக் வந்தா வேலை செய்யும்னு எப்படி சொல்றே"ன்னு கேக்கறாரு. சிலிண்டர் ரெகுலேட்டரை லேசா லூஸ் பண்ணிப் பாக்கலாமா? ப்ரோக்ராமும் சேத்து அனுப்பியிருக்கேன்.
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ரெகுலேட்டர் பக்கமே போயிடாதீங்க. எல்பிஜி காத்தை விட கனம், தரையோட படிஞ்சு நிக்கும், காத்துல சுமார் 2 சதவீதம் கலந்துட்டாலே ஒரு பொறி போதும், ஃப்ரிட்ஜ் தானா ஆன் ஆகும்போது உள்ள தெறிக்குமே, அதுவே போதும். உங்க சார் கேட்டது நியாயமான கேள்விதான், ஆனா அதுக்கு பதில் சொல்ல கேஸ் வேண்டாம், நம்பர் போதும்.

சென்சார் அனுப்பறது வெறும் வோல்டேஜ், யூனோ அதை 0ல இருந்து 1023க்குள்ள ஒரு எண்ணா மாத்திக்குது. ப்ரோக்ராமுக்கு மூக்கு கிடையாது, அந்த எண் கேஸ்ல இருந்து வந்துச்சா வேற எங்கயாச்சும் இருந்து வந்துச்சான்னு அதுக்குத் தெரியவே தெரியாது. அதனால சென்சாரை கழட்டிட்டு அந்த இடத்துல ஒரு 10கே பாட் மாட்டுங்க, பழைய ரேடியோல வால்யூம் திருகுவோமே அதே சாமான்தான். ஓரத்துக் கால் ரெண்டும் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும், நடுக்கால் சென்சார் சிக்னல் போய்க்கிட்டிருந்த ஏ0 பின்னுக்கு.

உங்க ப்ரோக்ராமை என் மேஜைல கிடந்த போர்டுல ஏத்தி இதையேதான் செஞ்சு பாத்தேன். மெதுவா திருகறேன், 400 தாண்டினதும் கத்துச்சு, 500, 600, 650, காது கிழியுது, சரி பையன் நல்லாத்தான் செஞ்சிருக்கான்னு நெனச்சேன், 660 வந்ததும் கப்புனு வாயை மூடிடுச்சு. கடைசி வரைக்கும் திருகி 1023க்கே கொண்டு போனேன், மூச்சு விடல. அதாவது கொஞ்சமா கேஸ் வந்தா ஊரைக் கூட்டும், வீடு பூரா ரொம்பிட்டா பேசாம உக்காந்துக்கும்.

காரணம் நீங்க கூட்டற இடத்துல இருக்கு. அங்க இன்ட் போட்டிருக்கீங்க, அது முழு எண்ணைப் போட்டு வைக்கற ஒரு டப்பா மாதிரி, யூனோல இன்ட்னா 16 பிட் அளவுதான், 32767க்கு மேல தாங்காது. 655ஐ 50ஆல பெருக்கினா 32750, தப்பிச்சிடும். 656 வந்தா 32800, அது கொள்ளாம வழிஞ்சு, மைனஸ் கோடியில இருந்து மறுபடி எண்ண ஆரம்பிச்சு மைனஸ் 32736 ஆயிடும், 50ஆல வகுத்தா மைனஸ் 654. மைனஸ் 654 எப்படிங்க 400ஐ தாண்டும்? உங்க லைட்டர் 480லயே நின்னுட்டதால இது கண்ணுலயே படல. இன்ட்டை லாங்னு, அதாவது பெரிய டப்பாவா மாத்துங்க, தீந்துச்சு.

வெக்கப்பட ஒண்ணும் இல்ல, ராக்கெட் விட்டவங்களே இதுல விழுந்திருக்காங்க. 1996 ஜூன் 4, ஐரோப்பாவோட ஏரியான் 5 ராக்கெட்டோட முதல் பயணம், கிளம்பி 40 செகண்ட் போல ஆச்சு, வெடிச்சு சிதறிடுச்சு. அதுக்கு முந்தின ராக்கெட்டான ஏரியான் 4ல ஒழுங்கா ஓடின மென்பொருளை அப்படியே எடுத்து இதுல வச்சிருந்தாங்க, புது ராக்கெட் வேகம் ஜாஸ்தி, ஒரு பெரிய எண்ணை 16 பிட்டுக்குள்ள திணிக்கப் போய் வழிஞ்சிடுச்சு. விசாரணைக் குழு என்ன சொல்லுச்சுன்னா, புது ராக்கெட்டோட பறக்கற பாதைக்கு ஏத்த மாதிரி பொய்யான சென்சார் சிக்னல் குடுத்து தரையிலேயே சோதிச்சிருந்தா இந்தக் கோளாறு அங்கயே மாட்டியிருக்கும்னுச்சு. நீங்க பாட் திருகறதும் அதே வேலைதான், செலவு மட்டும் கம்மி.

இதோட விட்டுடாதீங்க. நம்பரைப் படிக்கிற ஃபங்ஷன் (ப்ரோக்ராமோட ஒரு துண்டு) தனி, கத்தறதா வேண்டாமான்னு முடிவெடுக்கற ஃபங்ஷன் தனின்னு பிரிச்சிட்டா, முடிவெடுக்கறதை மட்டும் லேப்டாப்புலயே ஓட்டி ஆயிரக்கணக்குல நம்பர் குடுக்கலாம். ஆனா ஒண்ணு, லேப்டாப்புல இன்ட் 32 பிட், மேல சொன்ன தப்பு அங்க தெரியாது, அதனால இன்ட் வர்ற இடத்துல எல்லாம் அளவைக் குறிப்பிட்டு int16_tன்னே எழுதுங்க. அப்புறம் மோசமான நம்பரா பாத்து குடுங்க. எம்கியூ-6 உள்ள ஒரு குட்டி ஹீட்டர் இருக்கு, அது செத்துட்டா ரீடிங் கீழ இறங்கிடும், ப்ரோக்ராம் அதை சுத்தமான காத்துன்னு எடுத்துக்கும். நல்ல சென்சார் சும்மா இருக்கும்போது கூட ஒண்ணு ரெண்டு ஆடிக்கிட்டேதான் இருக்கும், ஒரே நம்பர் பத்து நிமிஷம் அசையாம நின்னாலோ பூஜ்யத்துக்கிட்ட போனாலோ "எனக்கு மூக்கு போச்சு"ன்னு வேற மாதிரி பீப் அடிக்கணும். கரண்ட் போய் வந்தா ஹீட்டர் ஆறிப்போய் கொஞ்ச நேரம் கண்டபடி காட்டும், அந்த நேரத்தை தள்ளிவிடுங்க, ஆனா அதுவரைக்கும் எல்லாம் சரின்னு காட்டற பச்சை லைட் எரியக் கூடாது. போர்டு ஆன் ஆனதுல இருந்து மில்லிசெகண்டை எண்ணிக்கிட்டே இருக்கற மில்லிஸ் கவுண்ட்டர் சுமார் 49.7 நாள்ல திரும்ப பூஜ்யத்துக்கு வந்துடும், ஐம்பது நாள் காத்திருக்க வேண்டாம், நேரத்தையும் பொய்யா குடுத்துப் பாருங்க.

இத்தனையும் ப்ரோக்ராமுக்குத்தான். மூக்கு சரியா மோப்பம் பிடிக்குதான்னு பாக்க, அளவு தெரிஞ்ச கேஸ் வச்சிருக்கற லேபுக்குத்தான் போகணும்.

கேள்வி: எங்க வீட்டு கேஸ் அலாரம் தாளிச்சா கத்துது, சானிடைசர் போட்டா கத்துது. பிளக்கைப் புடுங்கி வச்சிட்டோம். தப்பா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: தப்புதாங்க, முதல்ல திரும்ப சொருகுங்க. அடுப்புக்கு மேல மாட்டியிருப்பீங்கன்னு நெனக்கிறேன். எல்பிஜி கீழதான் இறங்கும், அதனால தரையில இருந்து ஒரு அடி உயரத்துல, அடுப்பை விட்டு கொஞ்சம் தள்ளி மாட்டுங்க, தாளிப்பு ஆவி பாதி குறைஞ்சிடும். சானிடைசர் ஆல்கஹால், இந்த வகை சென்சாருக்கு அதுவும் கொஞ்சம் மணக்கும், தூரமா வச்சு போட்டுக்குங்க.

ஈரோட்டுத் தம்பி, இது உங்களுக்கும்தான். ஒரு நாள் காலையில வீட்டுல சமையல் நடக்கும்போது சென்சாரை மாட்டி லேப்டாப்புல ரீடிங் எல்லாத்தையும் பதிஞ்சு வைங்க, கடுகு வெடிக்கறது, மிளகாய் கருகறது எல்லாம் அதுல வந்துடும். அப்புறம் ப்ரோக்ராம்ல ஒரு வரி மாத்தினாலும் அந்தத் தாளிப்பை ஒரு தடவை திரும்ப ஓட்டிப் பாருங்க, கத்தாம இருக்கணும்.