ஒரு வாய்க்கு ஒரு சாக்லேட் வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. ஒரு வயதில் கேரட், கீரை, பூசணி என்று மசித்துக் கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டவள். இப்போது இட்லி, தயிர் சாதம், பால், பிஸ்கட், அவ்வளவுதான். தட்டில் புதிதாக எதைப் பார்த்தாலும் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். தயிர் சாதத்தில் தாளித்த கடுகைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைக்கிறாள். கேரட்டை அரைத்துப் பருப்பு சாதத்தில் ஒளித்துக் கொடுத்தேன். கண்டுபிடித்துவிட்டாள், அன்றிலிருந்து பருப்பு சாதமும் வேண்டாமாம். "ஒரு வாய் காய் சாப்பிட்டா ஒரு சாக்லேட்" என்கிறார் கணவர். மாமியார் போனைக் காட்டி ஊட்டிவிட்டு, "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கே" என்கிறார். சத்துக் குறைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. டானிக் கொடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல்

பதில்: முதலில் அந்தச் 'செல்லம்' விஷயத்தை முடித்துவிடுவோம். பிரிட்டனில் எட்டு முதல் பதினொரு வயது வரையிலான இரட்டைக் குழந்தைகளை, ஐயாயிரம் ஜோடிகளுக்கு மேல், ஆராய்ந்து 2007-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். புது உணவைக் கண்டு ஒதுங்கும் குணம் ஒரு குழந்தைக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் இருக்கிறதே, அந்த வித்தியாசத்தில் 78 சதவீதம் பரம்பரையால் வருவதாம். அதனால் சண்டை இல்லாமல், சும்மா பேச்சுவாக்கில், "உங்க பையன் சின்ன வயசுல எப்படிச் சாப்பிட்டார் அத்தை?" என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் இதற்குச் சுவாரசியமான பதில் கிடைக்கும்.

ஒரு வயதில் எல்லாவற்றையும் சாப்பிட்டவள் இப்போது ஏன் மாறினாள்? இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரைதான் இந்தச் சந்தேகம் உச்சத்தில் இருக்கும். கால் முளைத்து, கண்டதை எடுத்து வாயில் போடும் பருவத்தில், தெரியாததைத் தின்னாமல் இருப்பது ஒரு பாதுகாப்பு என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பசியும் குறைகிறது. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஒன்பது கிலோவைத் தொடுகிறது. அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறையும்போது சாப்பாடும் குறையத்தான் செய்யும். 'முன்னே எவ்வளவு சாப்பிட்டா' என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் உங்களுக்குத்தான் தூக்கம் கெடும்.

இப்போது சாக்லேட். உங்கள் கணவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அது எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். குழந்தைகளின் உணவுப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் லீயான் பர்ச். அவர் குழுவினர் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், பாலில் செய்த, பழக்கமில்லாத ஒரு பானத்தைச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். குடித்தால் பரிசோ பாராட்டோ உண்டு என்று சொல்லிக் குடிக்க வைத்த பிள்ளைகளுக்கு, பிறகு அந்தப் பானத்தின் மேல் இருந்த விருப்பம் குறைந்துபோனது. சும்மா கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அப்படிக் குறையவில்லை. பிள்ளைகளின் கணக்கு எளிது: லஞ்சம் கொடுத்துச் சாப்பிடச் சொல்கிறார்கள் என்றால் இது நல்லதாக இருக்காது.

அதே பர்ச் 1987-ல் இன்னொன்றும் செய்து பார்த்தார். புதுப் பழங்களில் சிலவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்ட மட்டும் செய்தார்கள், சிலவற்றைச் சுவைக்கவும் கொடுத்தார்கள். பார்த்துப் பழகியது பார்க்கப் பிடித்தது. ருசி பிடிப்பதற்கு நாக்கில் பட வேண்டியிருந்தது. ஐந்து, பத்து, பதினைந்து தடவை என்று கூடக் கூட விருப்பமும் கூடியது. நம் வீடுகளிலோ இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு, "இவளுக்கு பீன்ஸ் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதி, அதை அவள் காதுபடவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது, வைப்பது. அவ்வளவுதான். தயிர் சாதத் தட்டின் ஓரத்தில் பீன்ஸ் பொரியல், ஒரு விரல் நுனி அளவு. சாதத்தோடு ஒட்டாமல் இருக்கட்டும். "சாப்பிடு" என்றும் சொல்லாதீர்கள், "பாரேன், சூப்பரா இருக்கு" என்றும் சொல்லாதீர்கள். தொட்டாலும் சரி, முகர்ந்தாலும் சரி. நக்கிப் பார்த்துவிட்டுத் துப்புகிறாளா? ரொம்ப நல்லது, நாக்கில் பட்டுவிட்டதே! துப்புவதற்கென்றே பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம் வையுங்கள். துப்பலாம் என்று தெரிந்தால் வாயில் போடும் தைரியம் வரும். எதுவும் தொடாவிட்டால், அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிட்டு நாளைக்கோ மறுநாளோ மறுபடி வையுங்கள்.

ஒளித்துக் கொடுப்பதை விட்டுவிடுங்கள். பருப்பு சாதம் போனதே, அதுதான் அதன் விலை. பொதுவாகவே நம் சமையலில் ஒரு சிக்கல் உண்டு: எல்லாமே பிசைந்தது, கலந்தது. சாம்பார் சாதத்துக்குள் என்ன இருக்கிறது என்று சந்தேகப்படுகிற பிள்ளைக்குத் தெரியாது. கொஞ்ச நாள் சாதம் தனி, பருப்பு தனி, காய் தனி என்று வையுங்கள். கடுகைப் பொறுக்குகிறவளுக்கு இது பெரிய நிம்மதி. ருசியைவிடப் பதம்தான் பல பிள்ளைகளுக்குப் பிரச்சினை. கொழகொழ வெண்டைக்காயை ஒதுக்குகிறவள், மொறுமொறுப்பாக வறுத்ததை எடுத்துப் பார்க்கலாம். கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார வைத்து முருங்கை இலையை உருவச் சொல்லுங்கள். அன்றைக்கே கீரை சாப்பிட்டுவிட மாட்டாள், ஆனால் அந்த வாசனை பழகும்.

பாலும் பிஸ்கட்டும் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் வில்லன் அங்கேதான் இருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'சாப்பாடுதான் சாப்பிடல, பாலாவது குடிக்கட்டும்' என்று நாலு டம்ளர் போனால் பசி எங்கிருந்து வரும்? நாள் முழுவதற்கும் 400, 500 மில்லி போதும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலாலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ரத்தசோகை வருவது சகஜம். சாப்பாட்டுக்கும் அடுத்த தீனிக்கும் நடுவில் இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீர் தவிர வேறு வேண்டாம்.

போன் விஷயத்தில் மாமியாரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நிலாவைக் காட்டி ஊட்டியதும், பூச்சாண்டி வருவான் என்று திணித்ததும் நாம்தானே. ஆனால் நிலாச்சோறு ஊட்டும்போது ஊட்டுகிறவர் பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். போனைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கிற பிள்ளைக்கு என்ன சாப்பிட்டோம், வயிறு நிறைந்ததா என்பதே தெரிவதில்லை. நாக்கில் பட்டாலும் பழகாது. மாமியாரிடம் "ஊட்டாதீங்க" என்று சொன்னால் சண்டைதான் வரும். "அவ கூடவே உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்க அத்தை, உங்களைப் பார்த்துச் சாப்பிடுவா" என்று சொல்லிப் பாருங்கள். மூன்றரை வயதுக்குத் தானாக எடுத்துச் சாப்பிட நன்றாகவே முடியும். கீழே சிந்தும், துடைத்துக்கொள்ளலாம்.

சரி, டானிக். பசியைத் தூண்டும் என்று கடையில் கேட்டு வாங்குவது எதுவும் வேண்டாம். அங்கன்வாடியில் எடை, உயரம் பார்த்து அட்டையில் குறித்துத் தருவார்கள். கோடு ஏறிக்கொண்டே போனால் கவலை இல்லை. ஹீமோகுளோபின் மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, எனவே இது வீண் செலவு இல்லை. 11-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மருந்தை டாக்டர் எழுதித் தருவார். அதுவும் பாலோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. எடை இறங்கினாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, குமட்டினாலோ, இப்போது சாப்பிடும் நாலு பொருளில் ஒன்றிரண்டும் நின்றுபோனாலோ காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது ஒரு வாரம் அவள் சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், பால் எத்தனை டம்ளர் என்பதையும் சேர்த்து.